பிரியாமல் போன இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்

வெள்ளைக் கண் உள்ள பெண் பழ ஈயையும் சிவப்புக் கண் உள்ள ஆண் ஈயையும் ஒரே பாட்டிலில் விட்டால், பிறக்கும் பெண் ஈக்கள் எல்லாம் சிவப்புக் கண்ணோடும் ஆண் ஈக்கள் எல்லாம் வெள்ளைக் கண்ணோடும் இருக்கும். மகளுக்கு அப்பா ஜாடை, மகனுக்கு அம்மா ஜாடை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் 1910-க்குப் பிறகு இந்தக் கலப்பைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஏறத்தாழ எல்லா முறையும் கணக்கு சரியாக வந்தது. ஆனால் சுமார் இரண்டாயிரம் ஈக்களில் ஒன்று கணக்குக்குள் அடங்கவில்லை. அம்மாவைப் போலவே வெள்ளைக் கண்ணோடு ஒரு மகள், அல்லது அப்பாவைப் போலவே சிவப்புக் கண்ணோடு ஒரு மகன்.

இரண்டாயிரத்தில் ஒன்றுதானே என்று விட்டுவிடுவது எளிது. அந்தக் கூடத்தில் மாணவராக இருந்த கால்வின் பிரிட்ஜஸ் விடவில்லை. வெள்ளைக் கண் மகளைத் தனியாக எடுத்து, சிவப்புக் கண் ஆணோடு சேர்த்து, அதன் பிள்ளைகளை எண்ணினார். முட்டையும் விந்தும் உருவாகும் பகுப்பில், அதாவது மியாசிஸ் என்ற குன்றல் பகுப்பில், எந்த இடத்தில் எது தவறினால் என்ன ஆகும் என்பதை ஈக்களின் கண் நிறத்தை வைத்தே அவர் படித்துவிட்டார். மரபணுக்கள் செல்லின் உட்கருவில் உள்ள குரோமோசோம் என்ற இழைகளில்தான் இருக்கின்றன என்பதற்கு நேரடிச் சான்றும் அங்கிருந்தே கிடைத்தது. குன்றல் பகுப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு ஒன்றை நான் கண்டதில்லை. அதனால்தான் இதை முழுசாக எழுதுகிறேன்.

சரியாக நடந்தால் எப்படி நடக்கும்

பழ ஈயின் உடல் செல்லில் 8 குரோமோசோம்கள், அதாவது 4 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா தந்தது, இன்னொன்று அப்பா தந்தது. முட்டையிலும் 8, விந்திலும் 8 என்று இருந்தால் பிள்ளைக்கு 16 ஆகிவிடும், பேரப்பிள்ளைக்கு 32. அப்படி ஆகாமல் இருக்க வேண்டுமானால் இனச்செல் உருவாகும்போது எங்கோ ஓரிடத்தில் எண்ணிக்கை பாதியாக வேண்டும். ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் 1880-களிலேயே இந்த வாதத்தை முன்வைத்தார்.

பாதியாக்கும் முறை இதுதான். செல் தன் குரோமோசோம்களை ஒரு தடவை நகல் எடுக்கிறது, ஆனால் இரண்டு தடவை பிரிகிறது. நகல் எடுத்த பிறகு ஒவ்வொரு குரோமோசோமும் நடுவில் ஒட்டிய இரண்டு இழைகளாக இருக்கும். முதல் பகுப்பில் அந்த இழைகள் பிரிவதில்லை, ஜோடிதான் பிரிகிறது. அம்மா தந்தது ஒரு பக்கம், அப்பா தந்தது மறுபக்கம். இரண்டாம் பகுப்பில்தான் இழைகள் விலகுகின்றன. விந்தணு விஷயத்தில் ஒரு செல்லிலிருந்து நான்கு விந்துகள் கிடைக்கும். முட்டை விஷயத்தில் நான்கு உட்கருக்களில் ஒன்றுதான் முட்டையின் உட்கருவாகும், மற்ற மூன்றும் கழிந்துவிடும்.

பள்ளிப் பாடத்தில் முதல் பகுப்பின் முன்கட்டத்தை லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று ஐந்து பெயர்களாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பெயர்கள் நினைவில் நிற்கின்றன, காரியம் நழுவிவிடுகிறது. அந்த ஐந்து கட்டங்களிலும் நடப்பது ஒரே வேலைதான். ஒரு குரோமோசோம் தன் துணையைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதனோடு நீளவாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், ஓரிரு இடங்களில் துண்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். துண்டு மாறிய இடம் கயாஸ்மா என்ற முடிச்சாக நிற்கும்.

இந்த முடிச்சைப் பிள்ளைகளுக்குள் வேறுபாடு வருவதற்கான ஏற்பாடு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது பாதி உண்மைதான். ஜோடி ஒழுங்காகப் பிரிவதற்கே அந்த முடிச்சு வேண்டும். செல் பிரியும்போது அதற்குள் கதிர்க்கோல் என்ற இழைக்கற்றை உருவாகும். அதன் இழைகள் ஒரு குரோமோசோமைச் செல்லின் இந்தத் துருவத்துக்கும் அதன் துணையை எதிர்முனையில் உள்ள அந்தத் துருவத்துக்கும் இழுக்கின்றன. முடிச்சு இருப்பதால் இழுப்பு இரண்டு பக்கமும் விறைத்து நிற்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு நடுவில் அறுந்திருந்தால் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும் அல்லவா, முடிச்சில்லாத ஜோடியும் அந்த நிலையில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே துருவத்துக்குப் போய்விடலாம். (ஆண் பழ ஈ இதற்கு விலக்கு. அதன் விந்துச் செல்களில் துண்டு மாற்றமே நடப்பதில்லை, ஆனாலும் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிகின்றன. அதற்கு வேறொரு பிடிமான ஏற்பாடு உண்டு.)

இப்போது கண் நிறம். வெள்ளைக் கண்ணுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் ஈக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். மகனுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும்தான். அப்பா தருவது ஒய். ஒய்யில் கண் நிறத்துக்கான மரபணு இல்லை. அதனால் வெள்ளைக் கண் அம்மாவின் மகன்கள் எல்லாம் வெள்ளை. மகளுக்கு அப்பாவிடமிருந்து ஒரு சிவப்பு எக்ஸ் வருகிறது, சிவப்பு வெள்ளையை மறைத்துவிடுகிறது.

கலப்படமா?

ஈ வளர்ப்பில் எதிர்பாராத ஈ ஒன்று கண்ணில் பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கலப்படத்தைத்தான். மார்கனின் கூடம் ஒரு சின்ன அறை, எட்டு மேசைகள். பால் பாட்டில்களில் மசித்த வாழைப்பழம் வைத்து ஈ வளர்த்தார்கள். பக்கத்துப் பாட்டில் ஈ ஒன்று தப்பி வந்து புகுந்திருக்கலாம். அதைவிட மோசமான வாய்ப்பு ஒன்றும் உண்டு. பெண் ஈ கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்து சில மணி நேரத்திலேயே இணைசேரத் தயாராகிவிடும், பெற்ற விந்தை உடலுக்குள் சேமித்தும் வைத்துக்கொள்ளும். இணைசேராத பெண் என்று நினைத்து எடுத்த ஈ ஏற்கெனவே வேறோர் ஆணோடு சேர்ந்திருந்தால் கலப்பின் கணக்கு முழுவதும் பாழ்.

பிரிட்ஜஸ் இதற்குச் சரியான ஆள். பாட்டில் கழுவும் வேலைக்குத்தான் முதலில் அந்தக் கூடத்துக்குள் வந்தார். கழுவ வேண்டிய பாட்டிலின் தடித்த கண்ணாடி வழியாகவே, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பளிச்சென்ற சிவப்பில் கண் இருந்த ஓர் ஈயைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அந்தக் கூர்மையான பார்வை அவருக்குக் கடைசிவரை துணை நின்றது. விதிவிலக்கு ஈக்களைச் சோதிக்க அவர் கண் நிறத்தை மட்டும் நம்பவில்லை, எக்ஸில் இருக்கும் வேறு பண்புகளையும் சேர்த்துக் கலப்புகளை அமைத்தார். விதிவிலக்கு மகள் ஈக்கு அம்மாவின் எக்ஸ் பண்புகள் எல்லாம் மொத்தமாக வந்திருந்தன, அப்பாவின் எக்ஸ் பண்பு ஒன்றுகூட வரவில்லை. வழிதவறி வந்த ஈ இப்படிப் பொருந்தாது. ஏதோ ஒரு மரபணு திடீரென்று மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அப்படியானால் எல்லாப் பண்புகளும் ஒரே நேரத்தில் மாறியிருக்க வேண்டும்.

மிஞ்சியது ஒரே விளக்கம். அம்மாவின் இரண்டு எக்ஸ்களும் பிரியாமல் ஒரே முட்டைக்குள் போயிருக்க வேண்டும். அந்த முட்டையோடு அப்பாவின் ஒய் விந்து சேர்ந்தால் கிடைப்பது எக்ஸ்-எக்ஸ்-ஒய். இரண்டு எக்ஸும் அம்மாவுடையவை, அதனால் வெள்ளைக் கண். எக்ஸே இல்லாமல் போன முட்டையோடு அப்பாவின் எக்ஸ் விந்து சேர்ந்தால் ஒற்றை எக்ஸ் உள்ள ஆண், சிவப்புக் கண். ஒரே தவறிலிருந்து இரண்டு வகை விதிவிலக்குகளும் வந்துவிடுகின்றன.

இதற்குள் ஓர் எதிர்பாராத செய்தியும் இருந்தது. ஒய் இருந்தும் அந்த ஈ பெண், ஒய் இல்லாமலும் இந்த ஈ ஆண். அப்படியானால் பழ ஈயில் ஆணைத் தீர்மானிப்பது ஒய் அல்ல. ஆனால் ஒற்றை எக்ஸ் ஆண்கள் எல்லாம் மலடாக இருந்தன. ஒய் இல்லாமல் ஆண் உருவாகும், பிள்ளை மட்டும் பிறக்காது. எக்ஸ்களுக்கும் மற்ற குரோமோசோம்களுக்கும் உள்ள விகிதமே ஈயின் பாலைத் தீர்மானிக்கிறது என்று பிரிட்ஜஸ் 1921-இல் எழுதியதற்கான வித்து இங்கே இருக்கிறது.

அடுத்த தலைமுறையில் வந்த நான்கு சதவீதம்

விளக்கம் பொருந்துவது ஒன்று, அதிலிருந்து முன்கூட்டியே சொன்னது பலிப்பது இன்னொன்று. பிரிட்ஜஸின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எக்ஸ்-எக்ஸ்-ஒய் பெண் ஈ முட்டை உருவாக்கும்போது மூன்று குரோமோசோம்கள் இரண்டு துருவங்களுக்குப் பிரிய வேண்டும். இரண்டு எக்ஸ்களும் பிரிந்து ஒய் ஏதோ ஒரு பக்கம் போனால், முட்டைகளில் பாதிக்கு எக்ஸ் மட்டும், பாதிக்கு எக்ஸும் ஒய்யும். சில சமயம் ஒய் ஒரு பக்கமும் இரண்டு எக்ஸ்களும் மறுபக்கமும் போகும். அப்போது எக்ஸ்-எக்ஸ் முட்டையும் ஒய் முட்டையும் கிடைக்கும். ஆக நான்கு வகை முட்டை. அப்பாவிடமிருந்து எக்ஸ் விந்தும் ஒய் விந்தும் வரும். பெருக்கினால் எட்டு வகைக் கரு. அதில் மூன்று எக்ஸ் உள்ளவை பெரும்பாலும் பிழைக்காது, எக்ஸே இல்லாமல் இரண்டு ஒய் உள்ளவை பிழைக்கவே பிழைக்காது.

இந்த அட்டவணையை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பிரிட்ஜஸ் சொன்னது எல்லாம் அதிலேயே இருக்கிறது. வெள்ளைக் கண்ணுள்ள விதிவிலக்கு மகளைச் சிவப்புக் கண் ஆணோடு சேர்த்தால் விதிவிலக்குகள் மீண்டும் வர வேண்டும், அதுவும் இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவில் அல்ல. வந்தன, சுமார் 4 சதவீதம். அந்த விதிவிலக்கு மகள்கள் எல்லாமே எக்ஸ்-எக்ஸ்-ஒய்யாக இருக்க வேண்டும். இருந்தன. விதிவிலக்கு மகன்களுக்கு இந்த முறை ஒய் அம்மாவிடமிருந்து கிடைத்திருக்கும், ஆகவே அவை மலடாக இருக்கக் கூடாது. இருக்கவில்லை. முதல் தலைமுறையில் மலடாக வந்த அதே வகைச் சிவப்புக் கண் மகன்கள் இரண்டாம் தலைமுறையில் பிள்ளை பெற்றன!

கடைசியாக இன்னும் நுட்பமான ஒன்று. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத, கணக்குக்குச் சரியாக வந்த சிவப்புக் கண் மகள்களிலும் பாதியின் செல்லுக்குள் ஓர் ஒய் ஒளிந்திருக்க வேண்டும். அந்தப் பாதி மட்டும் தம் பிள்ளைகளில் விதிவிலக்குகளைக் காட்ட வேண்டும், மறுபாதி காட்டக் கூடாது. அப்படியே நடந்தது.

அப்புறம் நுண்ணோக்கி. பழ ஈயின் குரோமோசோம்களை உருவத்தை வைத்தே அடையாளம் காணலாம். இரண்டு ஜோடிகள் வளைந்த வி வடிவம், ஒரு ஜோடி வெறும் புள்ளி, எக்ஸ் நேரான குச்சி, ஒய் ஒரு முனை வளைந்த கொக்கி. சாதாரணப் பெண்ணின் செல்லில் இரண்டு குச்சிகள் இருக்கும், கொக்கி இருக்காது. விதிவிலக்கு மகள்களின் சினைப்பையில் பிரிந்துகொண்டிருந்த செல்களைச் சாயமேற்றிப் பார்த்தபோது இரண்டு குச்சிகளும் பக்கத்தில் ஒரு கொக்கியும் தெரிந்தன. சாதாரணமாகத் தோன்றிய மகள்களில் ஏறத்தாழ பாதியிலும் அந்தக் கொக்கி இருந்தது. கண் நிறத்தை எண்ணி ஊகித்ததைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று.

1914-இல் சுருக்கமாகவும், 1916-இல் விரிவாகவும் இதை எழுதினார். அந்த 1916 கட்டுரைதான் ஜெனடிக்ஸ் இதழின் முதல் தொகுதியில் முதல் பக்கத்தில் தொடங்குவது, பிரிட்ஜஸின் முனைவர் பட்ட ஆய்வும் அதுவே. வால்டர் சட்டனும் தியோடர் போவேரியும் 1902, 1903 வாக்கில் சொன்ன குரோமோசோம் கொள்கை அதுவரை வலுவான ஓர் ஒப்புமையாகத்தான் இருந்தது. பண்புகளைக் கடத்துவதாக மெண்டல் சொன்ன காரணிகள் பிரிவதும் குரோமோசோம்கள் பிரிவதும் ஒரே மாதிரி இருக்கின்றன, ஆகவே ஒன்று மற்றொன்றில் இருக்கலாம் என்ற அளவில். மார்கனே முதலில் அதை நம்பாதவர். சரியாக நடக்கும் பகுப்பை எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் இந்தச் சந்தேகம் தீராது, ஏனென்றால் எல்லாக் குரோமோசோம்களும் ஒரே மாதிரிதான் பிரியும். ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் தவறிப் போகும்போது ஒரு குறிப்பிட்ட பண்பும் அதோடு சேர்ந்து தவறிப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பை விதிவிலக்கு ஈ கொடுத்தது.

இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அதே கூடத்தில் மார்கனின் மனைவி லிலியன் மார்கன் 1922-இல் எழுதிய ஆய்வு, இந்த நிகழ்வை அதன் எல்லைக்கே கொண்டுபோயிற்று. அவர் கண்டெடுத்த பெண் ஈயின் வழியில் மகள்கள் எல்லாமே அம்மா ஜாடை, மகன்கள் எல்லாமே அப்பா ஜாடை. நான்கு சதவீதம் அல்ல, நூறு சதவீதம். காரணம், அந்த ஈயின் இரண்டு எக்ஸ்களும் ஒரு முனையில் நிரந்தரமாக ஒட்டிப்போயிருந்தன. பிரிய வழியே இல்லை. லிலியன் மார்கனுக்கு அந்தக் கூடத்தில் சம்பளமோ பதவியோ இல்லாத காலம் அது. பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் அரிதாகத்தான் வருகிறது, அது நியாயமில்லை.

மனித முட்டைக்குள்

ஈக்களில் இது தெளிவானதும், மனிதரிலும் இப்படி நடக்குமோ என்ற கேள்வி வந்தது. பிறவியிலேயே வந்து உடல், அறிவு வளர்ச்சியைத் தாமதமாக்கும் டவுன் சிண்ட்ரோம் ஒரு குரோமோசோம் பிரியாமல் போவதால் வரலாம் என்று டச்சு மருத்துவர் வார்டன்பர்க் 1932-இலேயே ஊகித்து எழுதினார். சரிபார்க்க அப்போது வழியில்லை. மனித செல்லில் 46 குரோமோசோம்கள் என்பதே ஜியோ, லெவான் இருவரும் 1956-இல் சொன்ன பிறகுதான் உறுதியாயிற்று. 1959-இல் பாரிஸில் மார்த்தே கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் டர்பான் ஆகியோர் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் செல்களில் 47 குரோமோசோம்கள் இருப்பதாக வெளியிட்டார்கள். திசு வளர்ப்பைச் செய்து அந்தக் குரோமோசோம்களைத் தெரியவைத்தவர் கோத்தியே. அதே ஆண்டு பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் எடின்பரோவில் கிளைன்ஃபெல்டர் நிலையுள்ள ஓர் ஆணிடம் எக்ஸ்-எக்ஸ்-ஒய் கண்டார்கள். பிரிட்ஜஸின் ஈயில் இருந்த அதே சேர்க்கை, ஆனால் விளைவு நேர்மாறு. ஈயில் அது பிள்ளை பெறும் பெண், மனிதரில் பெரும்பாலும் இயற்கையாகப் பிள்ளை பெற இயலாத ஆண்.

டவுன் சிண்ட்ரோமில் கூடுதல் 21-ஆம் குரோமோசோம் சுமார் 90 சதவீதம் தாயின் முட்டையிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் பகுப்பில் ஏற்பட்ட தவறு. காரணம் முட்டையின் காலக்கணக்கில் இருக்கிறது. பெண் குழந்தை தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைச் செல்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, முடிச்சுப் போட்டு, அப்படியே நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பிறகு மாதாமாதம் ஒரு முட்டை முதல் பகுப்பை முடிக்கும்; இரண்டாம் பகுப்பு விந்து நுழைந்த பிறகுதான் முடியும். 38 வயதில் கருவுறும் முட்டை 38 ஆண்டுகளுக்கும் மேல் அந்த முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. குரோமோசோம்களைக் கட்டி வைத்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் காலப்போக்கில் குறைகிறது, ஜோடிகள் முன்கூட்டியே தளர்ந்துவிடுகின்றன. 25 வயதில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்றைவிடக் குறைவாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு, 40 வயதில் நூற்றில் ஒன்று என்ற அளவை எட்டுகிறது.

எக்ஸ்-எக்ஸ்-ஒய் ஈயிடமிருந்து பிரியாமல் வந்த எக்ஸ்களில் துண்டு மாற்றம் நடந்திருக்கவில்லை என்பதை பிரிட்ஜஸ் கவனித்திருந்தார். 1987-இல் டவுன் சிண்ட்ரோம் குடும்பங்களை ஆராய்ந்தவர்களும், பிரியாமல் போன 21-ஆம் குரோமோசோம்களில் துண்டு மாற்றம் வழக்கத்தைவிடக் குறைவு என்று கண்டார்கள். முடிச்சு இல்லாத இடத்தில் ஜோடி தடுமாறுகிறது என்பது ஈக்கும் மனிதருக்கும் பொது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோமோடு ஒரு குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் கேள்வி தாயை நோக்கித்தான் திரும்புகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதையாவது சாப்பிட்டாயா, மாடிப்படி ஏறினாயா. கர்ப்பகாலத்தில் அவள் செய்த எதனாலும் இது வரவில்லை. பெரும்பாலும் தவறு கர்ப்பம் தொடங்குமுன் முட்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. கிளைன்ஃபெல்டர் நிலையில் கூடுதல் எக்ஸ் ஏறத்தாழ பாதி பேருக்குத் தந்தையின் விந்திலிருந்து வருகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

குழந்தையின் குரோமோசோம் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். சுமார் 95 சதவீதம் பேருக்கு 21-ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருக்கும். அது ஒருமுறை நேர்ந்த தவறு, அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு தாய் இளவயதினராக இருந்தால் நூற்றில் ஒன்று அளவில்தான். 3, 4 சதவீதம் பேருக்குக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அப்போது பெற்றோர் இருவருக்கும் சோதனை வேண்டும், ஏனென்றால் எந்தக் குறையும் தெரியாத அம்மாவோ அப்பாவோ அந்த ஒட்டலைச் சுமந்துகொண்டிருக்கலாம். மிக அரிதாக, பெற்றோர் ஒருவரின் இரண்டு 21-ஆம் குரோமோசோம்களே ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். அந்த முட்டையோ விந்தோ இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துப்போகும், அல்லது ஒன்றையும் எடுத்துப்போகாது. ஒன்றும் இல்லாத கரு பிழைக்காது, உயிரோடு பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். லிலியன் மார்கனின் ஒட்டிய எக்ஸ் ஈயில் நடந்ததும் இதேதான். அந்தத் தம்பதிக்கு அடுத்த முறை சரியாகிவிடும் என்று சொல்வது பொய் நம்பிக்கை. தானமாகப் பெறும் முட்டை அல்லது விந்து, தத்தெடுப்பு ஆகியவற்றை மரபியல் ஆலோசகர் அவர்களிடம் முதல் சந்திப்பிலேயே பேச வேண்டும்.